பட்டியலில் இரண்டாவது கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி எல்லைக்குள்ளும் வெளியிலும் வாழும் சகல ஜீவராசிகளுக்கும் ஒரு மாபெரும் அறிவிப்பு. சென்ற புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, என் கணினி பேசுவதை நிறுத்தியது.

இது உண்மையாக நடந்தது. பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று பழகியவர்கள் மன்னிக்கவும். எனக்கு வாய்த்தது பகல் ஷிப்டு. அதோடு எனக்குக் கண் தெரியாது. நடுநிசியும் நண்பகலும் எனக்கு ஒரே கலர்தான்.

பார்வை போய் ஆறு வருடம். மனைவி நாகஜோதி போய் மூன்று வருடம். மம்சாபுரம் போகும் சாலையில் இருக்கும் என் வீட்டில் இப்போது பேசுபவர்கள் இரண்டே பேர். ஒருவர், பேசும் கடிகாரம். பொத்தானை அழுத்தினால் மணி சொல்வார். அதற்கு மேல் உறவு வைத்துக்கொள்ள மாட்டார். இன்னொருவர், கணினிக்குள் இருக்கும் திரைவாசிப்பான். திரையில் இருப்பதையும், நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுப் படிப்பார். என் கட்டுரைகளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் ஒரே வாசகர் அவர்தான். வேறு வழியில்லாமல் படிக்கிறார்.

பழைய கணினி செத்துப்போனதால், இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ராம்குமார் பத்து நாளுக்கு முன்புதான் ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்று ஒரே தண்ணீர்க் குழாயை மூன்று பிரமுகர்கள் சேர்ந்து திறந்துவைத்த வைபவத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம். ராம்குமாருக்குப் போன் போட்டேன்.

"சவுண்டு கார்டு செட்டிங்ஸா இருக்கும் அண்ணாச்சி. சாயங்காலம் வாரேன். அதுவரைக்கும் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"ஏலே, நான் முப்பது வருசமா எழுதுதவன்..."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

போனை வைத்ததும் செட்டிங்ஸைத் திறந்தேன்.

கண் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேச்சு எந்த சவுண்டு கார்டு வழியாக வரவேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலையும் அதே பேச்சுதான் படித்துச் சொல்லும். தப்பான கார்டைத் தேர்ந்தெடுத்தால் பேச்சு போய்விடும். பேச்சு போனால் சரியான கார்டைத் தேட முடியாது. பீரோவுக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது மாதிரி.

"ஸ்பீக்கர். ஒன்று, இரண்டில்" என்றது. அதாவது, பட்டியலில் இருக்கும் இரண்டில் இது முதலாவது.

கீழ் அம்பைத் தட்டினேன்.

"யூஎஸ்பி ஹெட்போன். இரண்டு, இரண்டில்."

என்னிடம் ஹெட்போனே கிடையாது. அது அங்கே எப்படி வந்தது என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். முப்பது வருடம் எழுதிய விரல், யோசிக்காமல் என்டரைத் தட்டியது.

நிசப்தம்.

கடிகாரத்தை அழுத்தினேன். "இரண்டு நாற்பது."

பட்டியலை மறுபடி திறந்தேன். அம்புகளைக் குத்துமதிப்பாகத் தட்டினேன். ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் வயரை உருவி மறுபடி செருகினேன். ஒன்றும் இல்லை. மம்சாபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த வீடு எம்புட்டுப் பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு ஐம்பத்தொன்று. சும்மா இருக்க முடியாமல் கட்டுரைப் பக்கத்துக்குப் போய் ஒரு வரி தட்டினேன். 'யாராவது இருக்கீங்களா?' வேடிக்கைக்குத்தான்.

அப்போது கேட்டது.

திரைவாசிப்பானின் குரல். நான் தட்டியதை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து இல்லை. எங்கோ ஆழத்திலிருந்து. நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் காதை வைத்தேன். மூடிய பெட்டிக்குள் பேசுவது போல... அடியிலிருந்து... "யா... ரா... வ... து..."

படித்து முடித்தது.

எழுந்து உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிக் கீழே போட்டேன்.

டொக். போனை எடுக்கிற சத்தம்.

என் இடது காதில்.

"யாரு லைன்ல?"

பெண் குரல். மெஷின் குரல் இல்லை. மூச்சு இருந்தது... அந்த மூச்சு குளிர்ந்திருந்தது.

"நா... நான்தான்."

"யாருக்குப் போடணும் சார்?"

ஆயிரம் பேரைக் கேலி செய்த வாய். ஒரு பெயர்தான் வந்தது.

"நாகஜோதி. என் வீட்டு ஆளு."

"லைன்ல இருங்க."

மணி அடித்தது... ஒரு தடவை... இரண்டு... மூன்று...

டொக்.

"அவிய வேற லைன்ல பேசிக்கிட்டு இருக்காவ சார்."

"யாருகூட?"

"அதெல்லாம் நாங்க கேக்க மாட்டோம் சார்."

மூச்சு இன்னும் நெருங்கியது.

"செத்த நேரம் ஆகும். காத்திருக்கீங்களா, கட் பண்ணணுமா? கட் பண்ணணும்னா பட்டியலைத் தெறந்து மேல் அம்பு ஒரு தடவை. பொறவு என்டர்."

விசைப்பலகையைத் தடவினேன்.

பட்டியல்.

மேல் அம்பு.

என்டர்.

கீழே கிடந்த வயரைத் தடவி எடுத்துச் செருகினேன். "ஸ்பீக்கர்" என்றது திரைவாசிப்பான், எதுவும் நடக்காதது போல.

கடிகாரத்தை அழுத்தினேன். "மூன்று மணி."

ராம்குமார் ஆறு பத்துக்கு வந்தான். நடந்தது எதையும் அவனிடம் நான் சொல்லவில்லை. இரண்டாவது கார்டு என்னடா என்று மட்டும் கேட்டேன். கேபினட்டைக் கழற்றிப் பார்த்தான்.

"இதுல ஒண்ணுதான அண்ணாச்சி இருக்கு. யூஎஸ்பில எதுவுமே சொருகல." மூடியைத் திரும்ப மாட்டினான். "முன்னால ஒண்ணு இருந்துச்சு. இது பரிபூரணம் அக்கா மெஷினு. மில்லுல டெலிபோன் ஆபரேட்டர். உங்கள மாதிரி அவியளுக்கும் பார்வை கெடையாது. வலது காதுல போனு, எடது காதுல கம்ப்யூட்டர் பேசணும். அதுக்குத் தனியா ஒரு கார்டு, ஹெட்போனு. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"அது இப்ப எங்க?"

"அவிய போன சித்திரையில தவறிட்டாவ. பைபிளோட சேத்து அதையும் பெட்டிக்குள்ள வச்சு அடக்கம் பண்ணிட்டாவளாம். அக்காவோட தங்கச்சி எலினா சொன்னா. காதுல மாட்டியே விட்டுட்டாவளாம்."

ஆக, என் கணினி அன்று ஊமையாகவில்லை. இருபது நிமிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தது. நான் தட்டிய ஒவ்வோர் எழுத்தும், பதினொரு கிலோமீட்டர் தள்ளி, இராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில், மண்ணுக்கு அடியில், ஓர் இடது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு நாற்பதுக்குப் பட்டியலைத் திறக்கிறேன். காத்திருக்கிறேன் என்று சொல்லத்தான். கீழ் அம்பைத் தட்டுகிறேன். மறுபடி தட்டுகிறேன்.

"ஸ்பீக்கர். ஒன்று, ஒன்றில்."

கரகரப்பு போய்விட்டது. நன்றாகக் கேட்கிறது.