தொட்டி இல்லை, தொட்டில்

என் நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை பார்த்தார். ஜேசிபி எங்கே மண் தோண்டினாலும் லீவு போட்டுவிட்டு ஓடுவார். பழைய பானை ஓடு, கல் கோடாலி, பாசிமணி என்று கோணியில் கட்டிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை அதற்கெல்லாம் கற்பூரம் காட்டுவார். ஒரு பானையைக் காதில் வைத்து, அது பேசுகிறது என்று தலையாட்டுவார். தெருவில் அவருக்குச் சில்லு சாமி என்று பெயர். அவர் கோபப்பட்டதே இல்லை.

தேர்வாய் கண்டிகைப் பக்கம் நிலத்தைச் சமன் பண்ணியபோது, குட்டிக் குட்டிக் கால்கள் வைத்த ஒரு மண் தொட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியா என்று அம்மா கேட்டாள்.

"தொட்டி இல்லமே, தொட்டிலு" என்றார்.

நான் பிரசவத்துக்கு வந்தேன். என் பையன் புடவையில் கட்டிய ஏணையில் கிடந்து கத்திக்கொண்டே இருப்பான். நைனா அந்தத் தொட்டியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பழைய புடவையை மடித்துப் போட்டு அவனைப் படுக்கவைத்தார். உடனே தூங்கிவிட்டான். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் இடம்.

பையனுக்கு நாலு மாதம் ஆனபோது, கம்பெனி உலைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நைனா எழவே இல்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பழைய பொருட்களை ஆராய்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். கம்பெனி இன்ஜினியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"கொழந்தைய மொதல்ல வெளிய எடும்மா" என்றார். "இது செத்தவங்களப் பொதைக்கிற பெட்டி. அளவப் பாத்தா, சின்னப் புள்ளைக்குப் பண்ணது."

பையனை எப்படித் தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. நைனா தெரியாமல் செய்துவிட்டார், பாவம், அவருக்கு என்ன படிப்பா என்று நானே அவருக்காகப் பேசினேன்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "உள்ள எலும்பு இருந்துச்சு. துண்டுல முடிஞ்சு எடுத்துக்கினு போயி, எங்கியோ பொதச்சிட்டு வந்தாரு."

"தெரிஞ்சா எம்புள்ளைய அதுல போட்டாரு?"

"அந்தப் புள்ள தூங்கி முடிச்சிடுச்சாம். எடம் சும்மாதான கெடக்குது, நம்ம புள்ள தூங்கட்டும்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது. புள்ள தூங்குச்சு."

வந்தவர் எலும்பைப் புதைத்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வண்டியோடு வருவதாகவும் அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பையனை ஏணையில் போட்டேன். மூச்சு முட்டக் கத்தினான். அம்மா என்னைப் பார்த்தாள், அப்புறம் தொட்டியைப் பார்த்தாள். போடு என்று வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பையனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினேன். நைனா உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். பதினேழு நாளாக அழுத கண்ணில் இப்போது ஒரு சொட்டு வரவில்லை. கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரை நடந்து, திரும்பி, மறுபடியும் நடந்தேன். பையன் தோளிலேயே தூங்கிப்போனான். கை மரத்துவிட்டது. அப்போதும் நான் வீட்டுக்குள் போகவில்லை.