வாண்டாவின் இரண்டு நீலம்

பேச வேண்டிய இடத்திலேயே வாய் திறக்காதவள் நான். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நிறம் பார்ப்பதில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

1. பூ வந்த நாள்

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் எங்களுடையது சின்ன அச்சகம். மெஷினை முதலாளியே ஓட்டுவார். கணினியில் நிறத்தைச் சரிசெய்து ப்ரூஃப் என்ற மாதிரித் தாள் எடுப்பது என் வேலை.

ஜெஞ்சாரோமில் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருக்கும் லலிதா அக்கா தீபாவளி கார்டு அடிக்க வந்தார். அவரே வரைந்த படம். ஒரே தண்டில் ஆறு நீல வாண்டா பூக்கள், ஓரத்தில் வேர், இலை, மொட்டு எல்லாம் தனித்தனியாக. கூடவே, வேலை முடியும்வரை கடையிலேயே இருக்கட்டும் என்று அந்தச் செடியையும் தொட்டியோடு தூக்கி வந்திருந்தார். அடியில் மூன்று பூ அன்றுதான் விரிந்திருந்தது.

"போன வருசம் வேற கடையில அடிச்சேன். கார்டுல பளபளன்னு நீலம். அத நம்பி கிள்ளான்லேருந்து வந்தவங்க, செடியப் பார்த்துட்டு, 'ஆளை ஏமாத்துறீங்களா'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. இன்னொரு தடவ அந்தப் பேச்சு கேட்டா தோட்டத்த மூடிட்டுப் போயிடுவேன். கார்டைப் பூ பக்கத்துல வச்சா ஒண்ணா இருக்கணும்."

"இருக்கும் அக்கா," என்றேன். நான் அன்று பேசியது அவ்வளவுதான்.

2. முதலாளியின் நீலம்

அச்சில் நீலப் பூ லேசில் வசப்படாது. மஜெந்தா என்ற சிவப்பு மை கொஞ்சம் கூடினால் கத்தரிக்காய் நிறமாகிவிடும். தொட்டியைச் சன்னலோரம் வைத்துப் பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். ப்ரூஃபும் பூவும் ஒன்றாயின.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சோகையா இருக்கு? சியான் நீலத்த ஏத்து. கார்டுன்னா ஜொலிக்கணும் லா!"

தலையாட்டினேன். ஏற்றவில்லை.

3. மெஷின் ஓடிய நாள்

அடுத்த வாரம் ப்ளேட் என்ற அச்சுத் தகட்டைப் போட்டு மெஷின் ஓட ஆரம்பித்தது. இப்படியே அடிக்கலாம் என்று ஓகே ஷீட்டில் கையெழுத்துப் போட அக்கா வந்தார். முதல் ஷீட்டைத் தொட்டியின் அடிப்பூவுக்குப் பக்கத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியது.

"இது என் பூ இல்ல."

கார்டில் நிறம் வெளுப்பு. பூவில் நல்ல அழுத்தம்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் முதலாளி. "நீல மைய இன்னும் கொஞ்சம் திறந்து விடுறேன், அக்கா. அஞ்சு நிமிசம்."

ஷீட்டை வாங்கித் தண்டின் உச்சிக்குக் கொண்டுபோனேன். அங்கே அன்று காலையில் விரிந்த பூ ஒன்று இருந்தது. நிறம் அப்படியே பொருந்தியது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வாண்டா விரியும்போது வெளிர். நாளாக ஆக நிறம் ஏறும். நான் பொருத்தியது முதல் நாள் பூவை. அக்கா பார்ப்பது முதிர்ந்த பூவை.

"நிறம் ஏறும்னு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா மெதுவாக. "ஆனா வரையும்போது ஆறு பூவுக்கும் ஒரே கலர் அடிச்சுட்டேன் பாரு."

முதலாளி மையைக் கூட்டிக் குறைக்கும் சாவியில் கை வைத்தார்.

"பாஸ், மெஷின நிறுத்துங்க."

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"சாவிய ஏத்தினா பூ மட்டுமில்ல, இலையும் சேர்ந்து நீலமாகும். மேல் பூ மூணும் இப்படியே இருக்கட்டும். கீழ் மூணுக்கு மட்டும் நான் கணினில நிறம் ஏத்துறேன். புது ப்ளேட் போடணும். பூ புதுசா இருக்கறப்ப வந்தாலும் முதிர்ந்தப்புறம் வந்தாலும், யாரும் அக்காவ ஏமாத்துக்காரின்னு சொல்ல முடியாது."

"பேசத் தெரியாதுன்னு நெனச்சேன்," என்றார் முதலாளி. "பேசினா ப்ளேட்டுக்கே செலவு வைக்கிற!" ஆனால் மெஷினை நிறுத்திவிட்டார்.

அக்கா சிரித்தார். "தோட்டத்துல அது அப்படித்தாம்மா நிக்குது. அப்படியே போடு."

உயிருள்ள பொருளுக்கு நிறம் பொருத்துகிறவர்கள் ப்ரூஃப் எடுத்த அன்றோடு நிறுத்தாதீர்கள். மெஷினில் ஏற்றும் முன் பொருளை இன்னொரு முறை பாருங்கள். வாடிக்கையாளர் எதைக் காட்டி "இதுதான்" என்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் புது ப்ளேட் ஏறியது. அக்கா ஷீட்டை மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் காப்பாரில் உள்ள சாப்பாட்டுக் கடை ஒன்றின் மெனு அடித்தோம்.