இருநூறு பெட்டியும் ஒரு கடலும்

பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெட்டிக்குள் என்ன அளவு சட்டை இருக்கிறதோ, அதே அளவு போட்ட ஸ்டிக்கர் மேலே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து கேட்டால் போதும். அந்த ஒரு தகுதிதான் என்னிடம் கிடையாது. அன்றைக்கு ஸ்டிக்கர் ரோல் மாறியிருக்கிறதோ என்று தோன்றியது. கேட்கப் போனேன். ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவோரம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்து, ஒட்டச் சொல்லிவிட்டேன்.

இருநூறு பெட்டியும் கப்பலேறத் தூத்துக்குடி குடோனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தப்பு தெரிந்தது. முதலாளி திட்டவில்லை. பெரிய மனது.

"நீங்களே போயி மாத்தி ஒட்டிட்டு வந்துருங்க. அப்படியே ஊட்டுல அம்மணியையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. கடலைப் பாத்தாப்பல இருக்கும். வண்டி நம்மளோடது."

என் மனைவி கடலைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கூட்டிப்போவதாகச் சொன்னேன். இந்த ஆர்டர் முடியட்டும், அந்த ஆர்டர் முடியட்டும் என்று சொல்லியே மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். மகள் விடுமுறை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டுவாள். கூலி கேட்காத இரண்டு ஜோடிக் கைகளை முதலாளி சேர்த்து அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு மதுரை தாண்டித்தான் விளங்கியது.

ஊருக்குள் நுழையும்போது உப்பு மேடுகள் தெரிந்தன. அத்துடன் சுற்றுலா முடிந்தது. அடுத்து குடோன். மனைவி புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய ஸ்டிக்கரை உரிக்க உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்ஸ்டாவுல எதைப் போடறது? இந்த அட்டைப்பெட்டியவா?" என்றாள் மகள்.

குடோன்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, குடும்பத்தோட வந்திருக்கீய போல. அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டிருவோம், பாத்துக்கிடுங்க."

எங்கள் வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம்தான் கடல்.

நான்கு மணிக்குக் கடைசிப் பெட்டியும் முடிந்தது. மனைவி கை கழுவி, தலை வாரிக்கொண்டாள். அப்போதுதான் முதலாளி போனில் கூப்பிட்டார். அவர் குரல் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"நம்ம மச்சான் பெட்டியும் அங்கதான் கெடக்குதுங்க. ஒரு அம்பது. அதுலயும் ஸ்டிக்கர் மாத்தோணுமாமுங்க. நீங்கதான் அங்கயே இருக்கறீங்களே. பூட்டறவரைக்கும் ஆவறதை ஒட்டுங்க. மிச்சத்தைத் தங்கியிருந்து காலைல முடிச்சுக்கலாம். வண்டி அதும்பாட்டுக்கு வரட்டும்."

"சரிங்க," என்றேன். அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, சரின்னுட்டீங்களா?"

பதில் சொல்வதற்குள் போன் அவள் கைக்குப் போய்விட்டது.

"ஐயா, நானுங்க. இவரு எல்லாத்துக்குமே சரின்னுதானுங்க சொல்லுவாரு. நாங்க இப்பக் கடலுக்குப் போறோமுங்க. உங்க மச்சானூட்டுலயும் அம்மணி இருப்பாங்கள்ல, அவங்களை ஒரு நடை அனுப்பி வெய்ங்க. அவங்களும் கடலைப் பாத்தாப்பல இருக்கும்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் போனைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கடற்கரைக்குப் போனபோது ஐந்தாகவில்லை. மனைவி முழங்கால் தண்ணீரில் நின்று, தூரத்தில் நின்ற கப்பலைக் காட்டினாள்.

"நம்ம பெட்டி அதுலயா போவுது?"

"இல்ல, நம்மளது நாளைக்குத்தான்."

"அப்ப அதுல இருக்கறதெல்லாம் யாரூட்டுப் பொம்பள ஒட்டுனதோ," என்றாள்.

மகள் படம் எடுத்தாள். மூன்று ஜோடிச் செருப்பையும் பிடித்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளியாகத்தான் இருக்கும். எடுத்துப் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆனால் பை அவள் தோளில் இருந்தது, அவள் தண்ணீரில் இருந்தாள். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.