ஐந்தாம் திகதியா, ஆறாம் திகதியா?

தில்லைநாயகி அக்காவை இரக்கமுள்ளவர், பொறுமைசாலி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு மனிதன்மேல் கொண்ட வன்மத்தை முப்பது வருடம் ஆறவிடாமல் வைத்திருந்தவர் அவர். எனக்கு அவரைப் பிடித்ததே அதற்காகத்தான்.

ஜெர்மன் பேசும் ஓர்லிகோனில் ஒரு சமூக மண்டபத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கதிரை அடுக்குவது, தரை துடைப்பது, பேச்சாளரின் மேசையில் தண்ணீர் வைப்பது. 2024 மே மாதம், அறிவித்தல் பலகையில் ஒரு தாளை ஒட்டப்போன அக்கா அப்படியே நின்றுவிட்டார். அமெரிக்காவின் நூற்றியோராவது வான்வழிப் படைப்பிரிவு இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டியில் பரசூட்டில் குதித்து எண்பது வருடம் ஆகிறது. அதைப் பற்றி ஓர் உரை. பேசுபவர் ஷ்டுக்கி, ஓய்வுபெற்ற அரச அதிகாரி.

அந்தப் பெயர் அக்காவின் கைப்பைக்குள்ளும் இருந்தது. அவருடைய தம்பி சுபேசனின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதத்தின் அடியில், நீல மையில்.

சுபேசன் 1993இல் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில், கடற்படைச் சூட்டுக்குள் கடந்து தப்பியவன். முதல் விசாரணையில் 'வியாழக்கிழமை இரவு, இரண்டு மணி' என்றான். எங்கள் சனத்துக்கு விடிந்தால்தான் மறுநாள். இந்த நாட்டில் பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடும் என்று முகாமில் யாரோ சொன்னார்கள். அடுத்த விசாரணையில் ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்று நினைத்து, பாவி, 'வெள்ளிக்கிழமை' என்று திருத்திச் சொன்னான். அந்தத் திருத்தம்தான் அவனை விழுத்தியது. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று அவன் கேட்டானாம். "இங்கே கேள்வி கேட்பது நான். நீங்கள் பதில் மட்டும் சொல்லுங்கள்" என்றாராம் ஷ்டுக்கி.

நாள் முரண்படுகிறது, கதை நம்பத்தக்கதல்ல என்று கடிதம் வந்தது. திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அக்கா நூலகத்திலிருந்து அந்தப் படைப்பிரிவைப் பற்றிய புத்தகங்களை அள்ளி வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் வாசிப்புத்தான். ஒல்லாந்தில் இறங்கியது, பஸ்தோனில் பனிக்குள் சுற்றிவளைக்கப்பட்டது, எல்லாம் மனப்பாடம். ஒருநாள், நூலகப் புத்தகம் என்றும் பாராமல், ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுவிட்டுச் சிரித்தார். பார்க்க நல்லாயிராத சிரிப்பு.

உரைக்கு முதல்நாள் அவருடைய மகள் ரிஷானி மண்டபத்துக்கே வந்து மன்றாடினாள்.

"அம்மா, விடுங்கோ. அந்தாளுக்கு எண்பது வயசாகப் போகுது."

"சுபேசனுக்கு இருபத்திமூண்டு" என்றார் அக்கா.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஷ்டுக்கி நன்றாகத்தான் பேசினார். இருட்டில் குதித்து வழிதவறிய பொடியன்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கெல்லாம் உருகுகிறான் பார் இந்த மனிதன்!

கேள்வி நேரத்தில் வேலை உடுப்போடு அக்கா எழுந்தார். ஜெர்மனில்தான் கேட்டார், என் காதில் அது எங்கள் தமிழாகவே விழுந்தது.

"ஐஞ்சாந் திகதி இரவு குதிச்சவை எண்டு சொன்னியள். நீங்கள் எல்லாருக்கும் தந்த குறிப்புத் தாளிலை ஆறாந் திகதி எண்டு கிடக்கு. எது சரி?"

ஷ்டுக்கி சிரித்தார். "இரண்டும் சரி. ஐந்தாம் திகதி இரவு விமானம் ஏறினார்கள், குதிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அவர்களுக்கு அது ஒரே இரவு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவன் நாட்காட்டியா பார்ப்பான்?"

சபையும் சிரித்தது. அக்கா அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதினார். மேசையடிக்குப் போய் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பி வாசித்தார். இந்த நாட்டு விசாரணையில் அப்படித்தான்: சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவார்கள்.

"சரியெண்டால் கீழை ஒப்பம் வையுங்கோ."

யாரோ அபிமானி என்று ஷ்டுக்கி நினைத்திருப்பார். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அக்கா கைப்பையைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து. சுபேசனின் பெயருக்குக் கீழே வியாழன், வெள்ளி என்று இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

ஷ்டுக்கி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அவர் கை தண்ணீர்க் கிளாசைத் தேடியது. மேசையில் கிளாஸ் இல்லை. அன்று தண்ணீர் வைக்கும் முறை அக்காவுடையது.

"இந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று மெல்லக் கேட்டார்.

அக்கா இரண்டு தாள்களையும் அவர் முன்னாலேயே விட்டுவைத்தார்.

"இங்கை கேள்வி கேக்கிறது நான். நீங்கள் பதில் மட்டும் சொல்லுங்கோ. என்ரை தம்பி எங்கை?"