சைப்ரஸ் மெஷினுக்கு ஆண்டர்சன்பேட்டையில் வைத்தியம்

சைப்ரஸ் தீவில் லிமாசோல் என்கிற ஊருக்கு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து ஏழு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஒரு கடையிலும் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கவில்லை. இங்கே மிக்ஸி கெட்டால் துடைத்து, வயரைச் சுற்றி, குப்பைத்தொட்டி பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிடுகிறார்கள். வந்த புதிதில் அப்படி வைத்த கெட்டில் ஒன்றை எடுத்து வந்தேன். அடியைக் கழற்றி, கருகின வயரை வெட்டி முறுக்கி, டீ போட்டேன். நான் பார்த்துக்கொண்ட ஆந்த்ரேயாஸ் தாத்தா பயந்துபோனார். "கம்பெனி ஆள் இல்லாமல் திறந்தாயா?" என்று கேட்டார். அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைத்த மாதிரி பார்த்தார். நான் கோலார் தங்க வயல்காரி. எங்கள் ஊரில் சாமான் கெட்டால் முதலில் திறப்போம். அப்புறம் யோசிப்போம்.

அந்தத் தாத்தாவுக்கு மூச்சு வியாதி. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இருந்தது. சிலிண்டர் இல்லை, கரண்டில் ஓடுவது. அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குத் தரும். நாலு வருஷம் அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் இறந்த பிறகு அவர் மகன் மெஷினை என்னிடம் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கும் அதே கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். மைன் மூடிவிட்டார்கள், கல்தூள் மட்டும் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. சிலிகோசிஸ் என்றார்கள். என் துணிமணியை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, மெஷினைப் போர்வையில் சுற்றி விமானத்தில் கொண்டுபோய் வீட்டில் வைத்தேன். எப்படி ஓட்டுவது என்று மகள் திலகாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, வேறு ஒரு பாட்டியம்மா வீட்டு வேலைக்குத் திரும்பி வந்தேன்.

ஒன்பது மாசம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் திலகா போன் பண்ணினாள்.

"அம்மா, பச்சை லைட்டு போயி மஞ்ச லைட்டு எரியுது. காத்து வருது, ஆனா அப்பாவுக்கு ஒதடு நீலமா கீது."

மஞ்சள் என்றால் காற்று வருகிறது, அதில் ஆக்ஸிஜன் போதவில்லை என்று அர்த்தம். வாடகை சிலிண்டர் எடுக்கச் சொன்னேன். அது அரை நாள் தாங்கும். சிலிண்டர் தீர்வதும், திலகா புருஷன் அடுத்ததைத் தேடி ஓடுவதுமாக எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அன்று மதியமே மெஷின் கம்பெனியின் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, நம்பர் சீட்டு, நாற்காலி. கவுன்டரில் ஒரு பெண். மெஷினில் ஒட்டியிருந்த நம்பரைத் திலகா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அதைக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள். அவள் முகம் மாறியது. மெதுவாக எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோயாளி இறந்துவிட்டார் என்று இருக்கிறது. மிகவும் வருந்துகிறேன்."

"இல்லை. உயிரோடு இருக்கிறார்" என்றேன் என் அரைகுறை இங்கிலீஷில். "உதடு மட்டும் நீலமாக இருக்கிறது."

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். விஷயத்தைப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. புரிந்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. "இந்தியாவில் எங்களுக்குக் கடை இல்லை. மெஷினை இங்கே கொண்டுவாருங்கள்" என்றாள். உள்ளே என்ன போயிருக்கும் என்று கேட்டேன். "திறக்கக் கூடாது" என்றாள். நல்ல பெண்தான். கடை வாசல் வரை வந்து அனுப்பி வைத்தாள்.

பாட்டியம்மாவிடம் ஒரு மாசம் லீவு கேட்டேன். மூன்று வாரம் கொடுத்தார். அந்த வாரமே ஊருக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் சிலிண்டர் குழாயைச் சரிபண்ணிக்கொண்டு சிரித்தார். "இன்னாமே, மெஷினுக்கு ஒடம்பு சரியில்லன்னதும் ஓடியாந்துட்ட. எனக்குச் சரியில்லன்னப்ப வரலியே."

"உங்களுக்கு எங்க போனாலும் ஸ்பேர் கெடைக்காது. இதுக்காவது கெடைக்குமான்னு பாக்க வந்தேன்" என்றேன். சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தார். முன்பு நான் விட்டுப்போனபோது அப்படி இல்லை.

பெங்களூரில் மூன்று இடத்துக்குப் போன் போட்டோம். பேர் தெரியாத கம்பெனி மெஷினைத் தொடமாட்டோம் என்றார்கள். மெஷினை ஆட்டோவில் ஏற்றி, எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் டிவி, யுபிஎஸ் பார்க்கும் சாமுவேல் கடைக்கு நானும் திலகாவும் கொண்டுபோனோம். கம்பெனிக்கு நம் நாட்டில் கடையே இல்லை என்றேன்.

"அதான் என் கடை கீதே, கொண்டாங்கக்கா" என்றான். வார்த்தை முடிவதற்குள் நாலு ஸ்குரூ கழன்றுவிட்டது.

ஒரு மணி நேரம் பார்த்தான். போர்டு நல்லா இருக்கிறது, மோட்டாரும் நல்லா இருக்கிறது என்றான். உள்ளே இரண்டு அலுமினியக் குழல்கள் இருந்தன. ஒன்றைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தான். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் விழுந்தன. உதிராமல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு விழுந்தன.

"இதான்கா ஆக்ஸிஜனப் பிரிக்கிறது. ஈரத்தக் குடிச்சிச் செத்துப்போச்சி. தண்ணி ஊத்துனீங்களா?"

"மெஷினுக்கு எவனாவது தண்ணி ஊத்துவானா?" என்றேன்.

திலகா தரையைப் பார்த்தாள். "ஊத்தல. ஈரத்துணி கட்டுனேன். காத்து உள்ள போற எடத்துல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீதானம்மா சொன்ன, தூசி மட்டும் உள்ள போவக்கூடாதுன்னு."

சொன்னேன். ஒவ்வொரு போனிலும் சொன்னேன். லிமாசோலில் தூசி என்றால் மேஜைமேல் விரலால் எழுதுகிற தூசி. எங்கள் ஊரில் தூசி என்றால் சயனைடு மேடு. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின மண், மலையாய் நிற்கிறது. காற்றுக் காலத்தில் அது கிளம்பி வரும். சோற்றில் நறநறக்கும். அதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஈரத்துணி. ஜன்னலில் கட்டுவோம், கதவிடுக்கில் செருகுவோம், தொட்டில்மேலும் போடுவோம். திலகா கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கும் அப்படித்தான் கட்டினேன். அவள் அப்பாவின் மெஷினுக்கும் அதையே கட்டியிருக்கிறாள். காயக் காய நனைத்திருக்கிறாள். ஒன்பது மாசம் அந்த ஈரத்தையே மெஷின் குடித்திருக்கிறது. ஊரில் இருந்திருந்தால் நானே கட்டியிருப்பேன். தூரத்தில் இருந்தவள் லிமாசோல் தூசியை நினைத்து எங்கள் ஊருக்குச் சொல்லிவிட்டேன். அவளைத் திட்ட வாய் வரவில்லை.

"உடுங்கக்கா, எங்கம்மா ஏசிக்கே கட்டுச்சி" என்றான் சாமுவேல்.

புது மணி பெங்களூரில் ஒரு கிடங்கில் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னான். எங்கள் லைன் வீட்டு வரிசையில் நாலாவது வீட்டு முருகேசன் தினமும் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர். எங்கள் ஊருக்கு அந்த ரயில்தான் பெரிய கடைவீதி. மருந்து, கண்ணாடி, கல்யாணப் புடவை, எல்லாம் யாரோ ஒருவர் மடியில்தான் வரும். சீல் உடைக்காத டப்பாவை முருகேசன் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். "ஜவ்வரிசியா, பாயசம் எப்பன்னு ரயிலு பொட்டியே கேக்குது" என்றார்.

மணியைக் காற்றுப் படாமல் வேகமாக நிரப்ப வேண்டும். சாமுவேல் எங்கள் வீட்டுக்கே வந்தான். ஜன்னலைச் சாத்தினோம். நான் குழலைப் பிடித்தேன், திலகா கொட்டினாள், சாமுவேல் தட்டித் தட்டி இறுக்கி மூடினான். சுவிட்ச் போட்டதும் மஞ்சள்தான் எரிந்தது. மணியெல்லாம் உட்காரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றான். வீட்டுக்காரர் சிலிண்டர் குழாயை எடுத்துவிட்டு மெஷின் குழாயை மாட்டிக்கொண்டார். விரலில் மாட்டும் கிளிப், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எண்பத்தாறு என்று காட்டியது. தொண்ணூறாவது தாண்ட வேண்டும். நான் அந்த நம்பரையே பார்த்தேன். எண்பத்தாறு. எண்பத்தைந்து. திலகா மூலையில் இருந்த சிலிண்டர் பக்கம் போனாள். நில்லு என்றேன். எண்பத்தெட்டு. விளக்கு பச்சை ஆனது. தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது.

"டேய் சாமுவேலு, உன் கைபட்ட காத்துல சர்ச்சு வாசன அடிக்குதுடா" என்றார் வீட்டுக்காரர். ஒரே மூச்சில் சொன்னார்.

காற்று உள்ளே போகும் இடத்தில் சாமுவேல் காய்ந்த பஞ்சு வைத்தான். கம்பெனி ஸ்டிக்கர்மேலேயே மார்க்கரால் தன் போன் நம்பரை எழுதினான். அடுத்த தடவைக்குத் தெரிந்திருக்கட்டும் என்று திலகாவே ஒரு குழலை மூடி திறக்காமல் கழற்றி மாட்டிக் காட்டினாள். லிமாசோல் கவுன்டர் பெண் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

மிச்ச நாளும் பச்சைதான். அதனால்தான் நான் கிளம்ப முடிந்தது. மஞ்சளாகவே இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன். சரியானதற்குச் சந்தோஷப்பட்ட அதே வாயால் போய்வருகிறேன் என்றேன்.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. வீட்டுக்காரர் என் பின்னாலேயே வந்தார். குழாய் ஏழு மீட்டர். கட்டிலைத் தாண்டி, சமையல்கட்டைத் தாண்டி, வாசல்படி வரை வந்தது.

"அவ்ளோதாமே. ஏழு மீட்டர் புருசன் நானு. அதுக்கு மேல வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோ."

"உள்ள போங்க, வெயிலடிக்குது" என்றேன்.

ஆட்டோவில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளே போகவில்லை. வாசலில் குழாய் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. ஆட்டோ திரும்புகிறவரை ஒரு அடிகூட அவர் அதைத் தளர்த்தவில்லை.