படத்தில் இல்லாத லயம்

இராசமணி என் சின்னம்மா மகள். அவளுடைய அப்பா கறுப்பையா, எங்கள் சித்தப்பா, கலஹா ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகும் பாதையைக் கல்லுடைத்துப் போட்டவர். தேயிலை போய் அங்கே ஒரு தனியார் கம்பஸ், பல்கலைக்கழகம், வந்தது. கொழுந்து பறித்த இராசமணி இப்போது கம்பஸைக் கூட்டுகிறாள். நாங்கள் குடியிருக்கும் லயம், அந்த வரிசை வீடுகள், மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

போன வருஷம் கம்பஸ் வாசலில் பெரிய வரைபடம் நட்டார்கள். அதில் நூலகம் இருக்கிறது. விவசாயம் படிக்கிற பிள்ளைகளின் ஆட்டுக்கொட்டிலுக்குக்கூட இலக்கம் போட்டிருக்கிறது. லயம் இருக்கும் இடத்தில் வெறும் பச்சை. பாதை திரும்பும் முடக்கில் நாங்கள் லயத்துக்கு வழி எழுதி வைத்திருந்த பலகையையும் பிடுங்கிவிட்டார்கள்.

இராசமணியின் மகள் சிந்துஜாவுக்குப் பரிசம் போட ஹேவாஹெட்டயிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் அழகையா எனக்குத் தூரத்து மச்சான் முறை. காவலாளி படத்தைக் காட்டி, அப்படி ஒரு லயமே இல்லை என்றாராம். சுற்றிச் சுற்றி ஆட்டுக்கொட்டிலில் போய் நின்றிருக்கிறார்கள். அழகையாவின் தங்கச்சி வந்ததும் வராததுமாகக் கேட்டாள்:

"வீடு இருக்கா, இல்ல ஆட்டோடதான் இருக்கீங்களா?"

கலியாணத்தன்றும் இப்படியானால் மாப்பிள்ளை வீட்டு வேன் திரும்பியே போய்விடும் என்று இராசமணிக்குச் சோறு இறங்கவில்லை. கம்பஸ் அலுவலகத்துக்குப் போனாள்; துணைக்கு நானும் போனேன். றமணன் என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை கதிரை போட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"இலக்கம் இல்லாத கட்டடத்தைப் படத்தில போடேலாது அம்மா. பலகை எண்டாலும் கம்பஸின்ர நிறம், எழுத்து, இலச்சினை எல்லாம் இருக்கோணும். விதி அப்பிடி."

"ஆடு எப்ப தம்பி விதி படிச்சிச்சு?"

"கொழும்பில கீறின படம் அம்மா. நான் என்ன செய்யிறது?"

"கொழும்புல உள்ளவங்களுக்குத் தெரியாது, சரி. தெனம் ஒங்க மேசைய தொடைக்கிறேனே, நான் எங்கேருந்து வாறேன்னு ஒங்களுக்குமா தெரியாது?"

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டார்.

கலியாணத்தன்று காலையில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டை அந்த வரைபடத்தின் கால்களிலேயே இராசமணி கட்டினாள். பிறகு முடக்குக்கு முடக்கு ஒரு சோடி, லயம் வரைக்கும். றமணன் ஓடி வந்தார்.

"இதெல்லாம் அவிழ்க்கோணும் அம்மா."

"கலியாண வீட்டு வாழை தம்பி. ஒங்க கையாலயே வெட்டிப் போடுங்க." கத்தியை நீட்டினாள்.

றமணன் காவலாளியைப் பார்த்தார். காவலாளி ரோட்டைப் பார்த்தார். கத்தியை ஒருவரும் வாங்கவில்லை. வேன் வாழையைப் பார்த்துப் பார்த்து லயத்து வாசலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் அந்த வாழைகளை அவளையே அள்ளச் சொன்னார்கள். அள்ளினாள். படத்தில் இன்னும் பச்சைதான்.

சிந்துஜா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தான் வருவாள். இடுப்பு வலி எடுத்து அம்புலன்ஸுக்குச் சொன்னால், அன்றைக்கும் வாழை கட்டிக்கொண்டா நிற்பது?