எலுமிச்சையில் ஒரு மஃப்டி

டிக்கெட்டம்மாவுக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. பழக்கம் மட்டும் கொல்லை வரைக்கும் கூடவே வரும். காலையில் பூதக்கண்ணாடியோடு செடி செடியாகப் போய், "நீ யாரு? யாரைக் கேட்டு ஏறின?" என்று விசாரிப்பார். இலைக்கடியில் கும்பலாக அப்பியிருப்பது அசுவினி. வெண்டையில் துள்ளுவது தத்துப்பூச்சி. தொட்டால் நாறுவது நாவாய்ப்பூச்சி. எல்லாம் ஓசியில் சாறு உறிஞ்சுகிற கூட்டம்.

இந்த வருஷம் வம்பு எலுமிச்சையில் வந்தது. வருஷக்கணக்கில் காக்க வைத்து இப்போதுதான் மொட்டு விட்ட செடி. அதன் தண்டெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. கணவருக்கோ அந்த இடத்தின் மேல் வெகுநாளாகவே ஒரு கண்.

"இந்த மாசத்துக்குள்ள தேறலேன்னா பிடுங்கிட்டு ஷெட் போட்டுடுவேன். என் வண்டி மழையில நனையுது."

"மருந்தே அடிக்காம தேத்திக் காட்டறேன், பாருங்க."

வாய்ச்சவடால் விட்டாயிற்று. தினமும் பழைய பல் பிரஷோடு உட்கார்ந்து, பெரிசு பெரிசாகப் பார்த்துத் தட்டிவிட்டார். தலைவனைப் பிடித்தால் கும்பல் கலையும் என்பது அவர் தொழில் கணக்கு. கும்பல் பெருகியது. கணவர் மண்வெட்டியைத் தேடி எடுத்து வைத்தார். டிக்கெட்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். படுத்து எழுந்தவருக்கு பிரஷ் பிடிக்கத் தெம்பில்லை. சும்மா பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பஞ்சு ஒன்று விறுவிறுவென்று நடந்தது. மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு லேசில் எழுந்திருக்காதே! நடந்தது நேரே போய், ஒரு சின்ன மாவுப்பூச்சியைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது. அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் கட்டியிருந்தது.

டிக்கெட்டம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சீருடை இல்லாமல் பயணிகளோடு பயணியாக ஏறிப் போய் ஆள் பிடிக்கிற வேலையை அவரே எத்தனை முறை செய்திருக்கிறார்! இத்தனை நாளும் நம்ம ஆட்களையே இறக்கிவிட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!"

மண்வெட்டியோடு வந்த கணவர் நம்பாமல்தான் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. காபி ஆறிப்போனது. மறுநாள் காலையில் பூதக்கண்ணாடியைக் காணோம் என்று தேடினால், அது கணவர் கையில் இருந்தது.

மெல்ல மெல்லத் தண்டு பச்சையானது. பூ உதிர்ந்து பிஞ்சு வைத்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னும் ஒண்ணு ஊருதே" என்று விரலை நீட்டினார். டிக்கெட்டம்மா வாய் திறப்பதற்குள், தெருவில் நனைந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஐயையோ, கை வைக்காதீங்க! அவரு எங்க டிபார்ட்மெண்ட்!"